முத்துமாரியும் ஐந்து வரி நாயும்

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். பத்தாம் வகுப்பு முத்துமாரியை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், அவளுக்கு எழுத வராது என்று ஓர் அதிகாரியிடம் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும்.

அவ்வளவுதான்.

இல்லாததை இருப்பதாகக் காட்டுவது கஷ்டம். அவளுக்கு இல்லாத ஒன்றை இல்லை என்று காட்டுவதில் என்ன கஷ்டம்?

எனக்கு அது கூட வரவில்லை.

நான் சிறப்பாசிரியர். நாளுக்கு ஒரு பள்ளிக்கூடமாக அஞ்சு உயர்நிலைப் பள்ளிகளைச் சுற்றி வருகிறவன். படிக்க, எழுத, கேட்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தருவது என் வேலை. மிச்ச நேரத்தில் படிவம் நிரப்ப வேண்டும். மிச்ச நேரம்தான் அதிகம்.

முத்துமாரியிடம் கேள்வியை வாயால் கேட்டால் பதில் கொட்டும். இதயத்துக்கு எத்தனை அறை, எந்த அறையிலிருந்து ரத்தம் எங்கே போகிறது, எல்லாம் சொல்வாள். பேப்பரைக் கொடுத்தால் முடிந்தது. "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது சார்" என்பாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் சொல்லச் சொல்ல, பொதுத்தேர்வில் வேறோர் ஆள் எழுதலாம். அதற்கு ஒரு குழுவின் முன் உட்கார்ந்து அனுமதி வாங்க வேண்டும். அன்றைக்குத்தான் கடைசி நாள்.

முத்துமாரியின் அம்மா பேச்சியம்மாள் நூல் மில்லில் வேலை பார்ப்பவர். பஸ்ஸில் ஏறியதுமே சொல்லிவிட்டார். "சாரு, இவ பத்து தேறலைன்னா எங்கூட மில்லுக்குத்தான் வரணும். சூப்பர்வைசர் இப்பவே கேக்காரு."

"கவலைப்படாதீங்கம்மா. எல்லாம் தயார் பண்ணி வச்சிருக்கேன்" என்றேன்.

பிரச்சினையே அதுதான். தயார் பண்ணியிருந்தேன்.

முந்தின வருஷம் வேறொரு பையனைக் கூட்டிப்போயிருந்தேன். எழுதச் சொன்னார்கள். அவன் வெள்ளைத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தான். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அங்கிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷமா என்னய்யா சொல்லிக்குடுத்தே?" என்று கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று.

இந்த முறை விடக்கூடாது என்று மூன்று வாரம் உட்கார்ந்தேன். முத்துமாரி கோலம் நன்றாகப் போடுவாள். எழுத்தையும் கோலம் மாதிரியே பழக்கினேன். எங்கே தொடங்கணும், எங்கே வளைக்கணும், எங்கே புள்ளி. ஐந்து வரி. ஊர்ப் பெருமைக்காக எங்கள் ஊர் நாயைப் பற்றி.

'எங்கள் ஊர் நாய் வெள்ளையாக இருக்கும். அதன் மூக்கு இளஞ்சிவப்பு. அது வேகமாக ஓடும். வீட்டைக் காக்கும். அதற்குப் பயம் கிடையாது.'

ஐந்து வரியையும் படம் வரைவது போல வரைந்துவிடுவாள். இதில் எந்த எழுத்து 'ந' என்று கேட்டால் முழிப்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அதிகாரி. மனநல மருத்துவர் அம்மா. ஓரத்தில் ஒரு கிளார்க்.

அதிகாரி நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். "ஒனக்குத் தெரிஞ்சதை எழுது பாப்பா."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். என் தலையை அப்போதே யாராவது பிடித்திருக்கலாம்.

எழுதினாள். அச்சடித்தது போல ஐந்து வரி!

அதிகாரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் மகன் பெரிய ஸ்கூல்ல படிக்கான். அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இந்தப் பிள்ளைக்கா எழுத ஆளு கேக்கீங்க?"

பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பிள்ளை எம்புட்டு அழகா எழுதுதா, பாத்தியளா சார்! எல்லாம் சாரு சொல்லிக்குடுத்தது!"

"அம்மா, செத்த நேரம் சும்மா இருங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன் சாரு, பெருமைதான?"

"சார், அது எழுத்து இல்ல. கோலம்" என்றேன் அதிகாரியிடம்.

"எது? இந்த நாயா?"

"ஆமா சார்."

அதிகாரி சிரிப்பதை நிறுத்தினார். ஃபைலைப் புரட்டினார். ஃபைல் கனமாக இருந்தால் மதிப்பு என்று, கையில் கிடைத்ததையெல்லாம் நானே அதில் கோத்திருந்தேன். அதில் காலாண்டுப் பதிவேட்டின் நகலும் இருந்தது.

அதிகாரி சத்தமாகப் படித்தார். "'எழுதும் திறனில் மிகச் சிறந்த முன்னேற்றம்.' யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"விண்ணப்பத்துல, 'எழுத இயலாது.' இது யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டுல எது பொய்?"

முன்னேற்றம் இல்லை என்று போட்டால் மாதக் கூட்டத்தில் என்னை நிற்க வைத்துக் கேட்பார்கள். முன்னேற்றம் என்று போட்டால் பிள்ளைக்குச் சலுகை போய்விடும். பிள்ளை முன்னேறவும் வேண்டும், முன்னேறாமல் இருக்கவும் வேண்டும். இதற்கு ஒரு படிவம் இன்னும் வரவில்லை.

"இப்படி நடிக்கவச்சுக் கூட்டியாறதா எனக்குப் புகார் வருது. விளக்கம் எழுதிக் குடுங்க. பொறவு பாப்போம்" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

நான் எழுதினேன். அவசர அவசரமாக. அவசரப்படாவிட்டாலும் என் கையெழுத்துக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. என் மனைவி இருந்தவரை மளிகைச் சீட்டை அவள்தான் எழுதுவாள். ஒருமுறை நான் எழுதிய சீட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் போன பிறகு நானே கடையில் போய் நின்று வாயால் சொல்லி வாங்குகிறேன்.

அதிகாரி என் விளக்கத்தை நேராகப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். கிளார்க்கிடம் கொடுத்தார்.

கிளார்க் கண்ணைச் சுருக்கினார். "சார், இது இங்கிலீஷா?"

"தமிழ்தான்" என்றேன்.

மருத்துவர் அம்மா கையை நீட்டினார். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தவர், "ஏன் சார், பேசாம இவருக்கு ஒரு ஆளு போட்டுருவோமா?" என்றார்.

முத்துமாரி களுக்கென்று சிரித்தாள். பேச்சியம்மாள், "ஏட்டி!" என்று தொடையில் ஒன்று வைத்தார்.

அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். "அவரு சொல்லச் சொல்ல நீரு எழுதும்."

அப்படியே ஆயிற்று. நான் வாயால் சொல்ல, கிளார்க் முத்து முத்தாக எழுதினார். போன வருஷத்து அவமானம், மூன்று வாரப் பயிற்சி, மாதக் கூட்டத்துப் பயம், எல்லாவற்றையும் சொன்னேன். முத்துமாரிக்கு ஆள் கேட்டுப் போன இடத்தில் முதலில் ஆள் கிடைத்தது எனக்கு.

கடைசியில் கிளார்க் தலையை நிமிர்த்தி, "உங்க பேரையும் நானே எழுதிரவா?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

அதிகாரி படித்தார். கொஞ்சம் இறங்கினார். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

மருத்துவர் அம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "கண்ணு, நாய் நல்லாருக்கு. இப்ப பூனையைப் பத்தி எழுது."

முத்துமாரி குனிந்து மெதுவாக, அழகாக எழுதினாள். முடித்து நீட்டினாள்.

'எங்கள் ஊர் நாய் வெள்ளையாக இருக்கும்.'

ஐந்து வரியும், ஒரு புள்ளி பிசகாமல்.

"பூனைன்னுதான சொன்னேன்?"

"எனக்கு நாய்தான் டாக்டர் வரும்" என்றாள் முத்துமாரி.

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, பூனையை வாயால சொல்லு."

"எங்க பக்கத்து வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டுச்சு டாக்டர். ஒரு வீட்டுலயும் நிலையா இருக்காது. குட்டியை வாயில கவ்விக்கிட்டு வீடு வீடா அலையும். எங்க சாரு ஃபைலைத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா அலையுத மாதிரி. அதுக்கு ராத்திரியில கண்ணு தெரியும். ஏன்னா கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்..."

"மெதுவா பாப்பா, மெதுவா!" என்று கிளார்க் கத்தினார். யாரும் சொல்லாமலே அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தும் ஒன்றும் பிரமாதமில்லை. நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சும்மா இருந்த ஒரே இடம் அதுதான்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் பேச்சியம்மாள் அந்த அனுமதித் தாளை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே வந்தார். முத்துமாரி ஜன்னலோரம்.

"சார், அடுத்து பூனை சொல்லித் தாரீங்களா?"

"பரீட்சை முடியட்டும் தாயி. அதுவரைக்கும் பூனை வெளிய தெரியக்கூடாது."

அடுத்த காலாண்டுப் பதிவேட்டில், 'எழுதும் திறனில் முன்னேற்றம்' என்ற கட்டத்தில், நிறுத்தி நிதானமாக, யாரும் படிக்கும்படி எழுதினேன்: 'நாய் வரும். பூனை இன்னும் வரவில்லை.'