நான் சுத்தம் செய்த தொட்டி

பிடிவாதம் நல்ல குணம்தான், விஷயம் தெரிந்தவர்களிடம் இருந்தால். என்னிடம் பிடிவாதம் மட்டும் இருந்தது.

வேதியியல் பட்டத்தோடு பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் சேர்ந்த புதிது. அங்கேதான் அப்பா டிரம் ஓட்டுகிறார். (தோலை மருந்துத் தண்ணீரோடு போட்டுச் சுற்றும் பெரிய மர உருளை.) "எம் பொண்ணு ஆபீசரு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டாமா?

மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. கழிவுநீரில் காற்றை ஊதிக் கலக்குகிற பெரிய தொட்டியோ டிகாஷன் நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது. ஒரு மாதிரி சேற்று நாற்றம் வேறு. விடுவேனா? எங்கள் வீட்டில் கிருமிக்கு ஒரே மருந்து ப்ளீச்சிங் பவுடர். அம்மா குளியலறையில் ஒரு கைப்பிடி தூவுவார். நான் ஸ்டோரிலிருந்து மூட்டை மூட்டையாக வரவழைத்துத் தொட்டியில் கொட்டினேன். மேனேஜர் இம்தியாஸ் சார் ஆச்சரியப்படட்டும் என்று அவரிடம் மூச்சு விடவில்லை. மாலையில் தொட்டி நீச்சல் குளம் மாதிரி மணந்தது. எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

காலையில் வாடிக்கையாளரை வரவேற்கத் தொட்டியே எழுந்து வந்தது. வெள்ளை நுரை பொங்கி, படியிறங்கி, அவருடைய பளபள ஷூவை நனைத்தது. கூடவே செத்த எலி நாற்றம்.

"இன்னாம்மா பண்ண?" என்றார் சார்.

"க்ளீன் பண்ணேன் சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடிக்கணக்குல இருந்துச்சும்மா. அழுக்கத் தின்னு தண்ணிய சுத்தம் பண்றதே அதுங்கதான். மொத்தத்தையும் கொன்னுட்ட. அதுங்க திரும்ப வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி வெளிய விட முடியாது. டிரம்ம நிறுத்தச் சொல்லு."

டிரம் நின்றது. தொட்டி சரியாகும் வரை அப்பாவுக்கும் அவரோடு டிரம்மில் நின்றவர்களுக்கும் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பொண்ணு ஆபீசர் ஆனா இதான் சௌகரியம். நல்லா லீவு கெடைக்கும்" என்றார் அப்பா, எல்லோர் காதிலும் விழும்படி. தொட்டிக்கு உயிர் வராமல் அந்த வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன். (உடனே தாண்டினேன், சாணி வாங்க.)

பூச்சிகள் திரும்ப வர, தொட்டியைக் கழுவி நிரப்பி, சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்ற வேண்டும். பக்கத்துத் தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றையும் கேட்டு வாங்க வேண்டும். கூடையோடு மாட்டுக் கொட்டகை கொட்டகையாக அலைந்தேன். மறு பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டார்: "எந்த மாட்டுதுன்னாலும் ஓகேவாம்மா, இல்ல டிகிரி படிச்ச மாடு வோணுமா?"

தினமும் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தேன். முதலில் பொடிப்பொடி பாக்டீரியாக்கள் பெருகி அழுக்கைத் தின்றன. தண்ணீர் மட்டும் தெளியவில்லை.

"பொடிசுங்களத் திங்கற பெருசுங்க வரணும். அதுங்க வந்தாதான் கலங்கல் கம்மியாகும்" என்றார் சார்.

சாணி சுமந்து வளர்த்த பிள்ளைகளை இன்னொன்று தின்னட்டும் என்று நானே காத்திருந்தேன். ஒரு நாள் காலையில், காம்பின் நுனியில் மணி வைத்தது போன்ற ஓர் உயிர் வாயைச் சுழற்றி அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. "அப்பா! திங்குது, திங்குது!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். அங்கே காத்திருந்தவர்கள் நான் சாப்பாட்டைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தண்ணீர் தெளிந்து டிரம் சுற்றத் தொடங்கியதும்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்றுவரை எங்கள் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றும் வேலையை என்னிடம் விடுவதில்லை. மீறி நான் மோர்க் கிண்ணத்தைத் தொட்டால் போதும், கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்துவிடும்: "யாராச்சும் போய்ப் பாருங்கப்பா! உள்ள கோடிக்கணக்குல உசிரு இருக்குது!"