இருமல் மருந்தில் முளைத்த பிடரி

ஒரு காட்டில், அருவிக்கு இந்தப் பக்கம், மனிதர்கள் விட்டுப்போன ஓட்டுக் கட்டடம் ஒன்றில் மருந்து ஆராய்ச்சிக்கூடம் நடந்துவந்தது. அதில் பரிமளம் என்கிற புனுகுப்பூனை வேலை பார்த்தாள். புது மருந்துக்கான மூலக்கூறுகளைச் செய்வது அவள் உத்தியோகம்.

மூலக்கூறு என்பது கண்ணுக்குத் தெரியாத மணிமாலை மாதிரி. ஒரு மணியைக் கழற்றிவிட்டு வேறொன்றைக் கோத்தால் குணமே மாறிப்போகும். எதை மாற்றினால் எது மாறும் என்பது, மாற்றிப் பார்க்கிறவரை யாருக்கும் தெரியாது. அவள் அத்தைக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. "உடம்புலயே வாசனைச் சரக்கை வச்சுக்கிட்டு, இலையை வடிகட்டிக்கிட்டுக் கெடக்கா பாரு" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் பரிமளம் ஒரு காட்சியைப் பார்த்தாள். மரக்கிளையில் மழைக்கு ஒதுங்கியிருந்தாள். கீழே கோரைப்புல்லுக்குள் அங்காயி என்கிற புள்ளிமானும் அதன் குட்டியும் மூச்சுக்கூட விடாமல் படுத்திருந்தன. வீரபாகு என்கிற சிறுத்தை பத்தடி தள்ளி நடந்து போனது. அதற்கு அவர்கள் இருப்பது தெரியவில்லை. கிட்டத்தட்டக் கடந்தே போய்விட்டது. அப்போது குட்டி ஒரே ஒரு தரம் இருமியது.

மறுநாள் அங்காயி குட்டி இல்லாமல் தனியாக ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"மழை வந்தா எங்க சனத்துக்கே இருமல் வந்துரும் டாக்டரம்மா. நாங்க நோவுல சாவல. சத்தத்துல சாவுறோம்."

"நான் டாக்டர் இல்லைங்க. மருந்து செய்யுறவ" என்றாள் பரிமளம்.

"அப்ப செஞ்சு குடு தாயி."

பரிமளம் உள்ளே போய் இயக்குநரிடம் சொன்னாள். இயக்குநர் ஒரு கரடி. பெயர் சாம்பமூர்த்தி. நல்லவர், ஆனால் எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

"இருமல்ல எத்தனை மான் செத்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சாகலை சார். இருமினதால சிறுத்தைகிட்ட மாட்டிக்கிட்டுச் சாகுது."

"அப்ப அது சிறுத்தையால சாவு. அது வேற துறை." கொஞ்சம் யோசித்தார். "சரி, தொண்டை ஆரோக்கியம்னு போட்டு ஆரம்பி. மூணு வருஷத்துல முடிச்சுரணும்."

பரிமளம் ஆடாதோடை இலையிலிருந்து ஆரம்பித்தாள். இருமலுக்கு அதைவிட நல்ல இலை கிடையாது. ஆனால் ஆடே தொடாத கசப்பு; மான் மட்டும் எப்படித் தொடும்? அதன் சத்தை வடித்தெடுத்து ப-1 என்று பெயர் வைத்தாள். பிறகு ஒவ்வொரு மணியாக மாற்ற ஆரம்பித்தாள்.

ப-37 கசக்கவில்லை. கரையவும் இல்லை; கல் மாதிரி வயிற்றுக்குள் போனபடியே வெளியே வந்தது. ப-112 நன்றாகக் கரைந்தது. ஆனால் தொண்டைக்குப் போகுமுன் ஈரல் அதைப் பிடித்து உடைத்துவிட்டது. ப-205 தொண்டைவரை போய்ச் சேர்ந்து இருமலை நிறுத்தியது. சோதனைக்கு முன்வந்த காட்டெலி இரண்டு நாள் தூங்கி எழுந்து, "இருமலே இல்லீங்க. ஆனா எம் பேரென்ன?" என்று கேட்டது. அதையும் தூக்கிப் போட்டாள்.

மூன்று வருடம் ஒன்பது வருடமானது. ஒவ்வொரு மழைக்கும் மான் கூட்டம் கொஞ்சம் சிறுத்தது. ஒவ்வொரு மழைக்கும் அங்காயி வாசலில் வந்து நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள், பார்த்துவிட்டுப் போய்விடுவாள். திட்டியிருந்தால்கூடப் பரிமளத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்பதாவது வருடம் ப-388 வந்தது. கரைந்தது, ஈரலுக்குத் தப்பியது, காட்டெலிக்குப் பெயரும் மறக்கவில்லை. மான்களுக்கே கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. நாற்பது மான்களை வரிசையில் நிறுத்தி டோக்கன் கொடுத்தார்கள். இருபது மானுக்கு மருந்து, இருபது மானுக்கு வெறும் கிழங்குமாவு மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்து தின்ற மானும் இருமியது. மாவு தின்ற மானும் அதே அளவு இருமியது.

பரிமளம் எண்ணிக்கையை மூன்று தரம் சரிபார்த்தாள். பிறகு குடுவைகளைக் கழுவப் போனாள். கழுவின குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விடும்மா. எலிக்குக் கேக்குறது மானுக்குக் கேக்காது. சகஜம்தானே?" என்றார் சாம்பமூர்த்தி. "வேற ஏதாச்சும் மாற்றம் தெரிஞ்சுதா? அறிக்கையில ஒரு பத்தி காலியா இருக்கு."

"மருந்து தின்ன இருபதுக்கும் கழுத்தைச் சுத்தி முடி மொளைச்சிருக்கு சார். கொத்துக் கொத்தா. செம்பட்டை நிறத்துல."

"பக்கவிளைவு: முடி" என்று எழுதிக்கொண்டு கரடி போய்விட்டார்.

அந்த வாரமே மழை வலுத்தது. அங்காயி அதே கோரைப்புல்லுக்குள் படுத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குப் பிடரி மயிர். தூரத்தில் வீரபாகு வந்தது. அங்காயிக்குத் தொண்டை அரித்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வாய்விட்டு இருமினாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. வீரபாகு பார்த்த ஒரே சிங்கம், சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட செல்போனில் ஓடிய சிங்கம்தான். அந்தப் போனின் ஸ்பீக்கர் கிழிந்துபோயிருந்தது. அதில் சிங்கத்தின் கர்ஜனை, "க்ரஹ்... ஹக்... ஹக்" என்றுதான் கேட்டது.

புல்லுக்கு மேலே செம்பட்டைப் பிடரி தெரிந்தது. "ஹக்... ஹக்" என்று சத்தமும் வந்தது. வீரபாகு அடித்த திருப்பத்தில் வால் முன்னே போனது, உடம்பு பின்னே போனது. இரண்டு ஓடை தாண்டி, கொட்டுகிற மழையில் மலையுச்சிவரை ஓடிவிட்டுத்தான் நின்றது.

அந்த மழைக்காலத்தில் ஒரு மான்கூடச் சாகவில்லை. மாவு தின்ற மான்களும் முண்டியடித்துக்கொண்டு ப-388 கேட்டன. சாம்பமூர்த்திக்குத்தான் சங்கடம். தோற்ற மருந்துக்கு எப்படி அனுமதி எழுதுவது? நான்கு நாள் யோசித்து எழுதினார்: "பயன்: முடி முளைக்கும். பக்கவிளைவு: இருமல் தீராது."

பரிமளத்துக்கு மாலை போட்டார்கள். அங்காயி வந்து அவள் காலடியில் தலையை வைத்தாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். பரிமளத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவள் செய்ய நினைத்தது இருமல் மருந்து. முளைத்தது முடி. விழா முடிந்ததும் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ப-389-ஐச் செய்ய ஆரம்பித்தாள்.

இன்னும் இரண்டு வருடம் போயிற்று. ப-401 வந்தது. கரைந்தது. தொண்டைக்குப் போனது. தின்ற அரைநாழிகையில் காட்டெலிக்கு இருமல் போன இடம் தெரியவில்லை. முடி ஒன்றும் முளைக்கவில்லை. பதினொரு வருடத்தில் முதல்முறையாகப் பரிமளம் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் ஓடினாள். ஒரு குடுவைகூட உடைந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்காயியிடம் போனாள்.

அங்காயி மாத்திரையை முகர்ந்து பார்த்தாள்.

"இதைத் தின்னா இருமல் நின்னுருமா?"

"அடியோட நின்னுரும்."

"அப்புறம் எங்களை யாரு சிங்கம்னு நம்புவா?"

பரிமளம் அவள் கழுத்துப் பிடரியைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காத தாயி. இருமல் இல்லாத பிடரிய வச்சு நாங்க என்ன செய்யறது? எங்க குட்டிக்கெல்லாம் இருமக் கத்துக்குடுத்துக்கிட்டு இருக்கோம். இதை வெளியே எடுத்துக் காட்டாத." அங்காயி பொட்டலத்தை மெல்ல மடித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு மாதம் ப-401 அலமாரியில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலையில், டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே இருமல் சத்தம் கேட்டது. வறட்டு இருமல். அடிவயிற்றிலிருந்து வந்தது. 'இதுக்காகத்தானே செஞ்சோம்! இதைவிட நல்ல இருமல் கிடைக்காது' என்று நினைத்துக்கொண்டே பரிமளம் ஜன்னலைத் திறந்தாள்.

வீரபாகு நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது.

"அம்மா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மழையில நனைஞ்சதுங்க. அன்னைக்குப் புடிச்ச இருமல் விடவே இல்லை. நான் பதுங்குறதுக்குள்ள காடே காலி ஆயிருது. நண்டும் எலியும் தின்னு காலம் தள்ளுறேன். உங்ககிட்ட மருந்து இருக்காமே?"

பதினொரு வருடம் உழைத்துச் செய்த ப-401-ஐக் கேட்டு வந்த முதல் நோயாளி. ஒரே மாத்திரை போதும். எலியைத் தாண்டியும் அது வேலை செய்வதைத் தன் கண்ணால் பார்த்துவிடலாம். அவள் கை அலமாரிக்குப் போயிற்று. பொட்டலத்தைத் தொட்டும்விட்டது. கோரைப்புல்லில் ஒரே ஒரு தரம் இருமிய குட்டி நினைவுக்கு வந்தது. கை அங்கேயே நின்றது.

பிறகு அவள் மேசைக்கு வந்து, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டாள். அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு படிவம் கால்மணி நேரத்தில் பிறந்தது.

"இதைப் பூர்த்தி செஞ்சு கொண்டாங்க. கடைசியில ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும்."

"யாரு போடணும்?"

"இலை தழை தின்னுற ரெண்டு பேர். உங்களை நேர்ல பாத்துட்டுப் போடணும்."

வீரபாகு நன்றி சொல்லிவிட்டு, தாளைக் கவனமாகப் பல்லில் கவ்விக்கொண்டு, கையெழுத்து வாங்க இருமிக்கொண்டே காட்டுக்குள் போனது.

நீதி: ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கப் பதினொரு வருடம் ஆகும், அதைக் கொடுக்காமலிருக்கக் கால்மணி நேரம் போதும்.