ஒற்றைத் தோடம்பழம்

அணில் கடித்துவிடக் கூடாதே என்று தோடம்பழத்துக்குச் சீலைப்பை கட்டப் போன பரமலிங்கத்தின் கையோடு பழமே வந்துவிட்டது.

அந்த ஆரஞ்சு மரத்தில் இருந்ததே அந்த ஒரு பழந்தான். மரமோ அக்கா கனகாம்பிகையுடையது. உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. எட்டு வருடமாக மீன் கழுவிய தண்ணீர் ஊற்றியும் அது பூத்துக் கொட்டியதே தவிரக் காய்க்கவில்லை. கப்பலில் வேலைசெய்யும் அத்தான், இந்தமுறை வந்ததும் அதைத் தறித்துவிட்டு அந்த இடத்தில் அறை கட்டப்போவதாக எழுதியிருந்தார். மரம் காய்த்துவிட்டது என்று, கப்பல் வந்து நின்ற கொழும்புக்கு அக்கா போன செவ்வாய்க்கிழமை தந்தியே அடித்துவிட்டாள்.

இன்றைக்கு யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு அத்தானைக் கூட்டிவரப் போயிருந்தாள். மூன்று மணி பஸ்ஸில் இருவரும் வந்துவிடுவார்கள். போகும்போது அவள் சொன்னது ஒன்றுதான்.

"நீ முத்தத்திலை இருந்தாக் காணும். மரத்துக்குக் கிட்டப் போகாதை."

பரமலிங்கம் தோணிக்காரன். கட்டத் தெரியாதவனா? தூண்டிலுக்குப் போடும் தங்கூசி இழையை எடுத்துக் காம்பில் சுற்றி இறுக்கினான். தங்கூசி காம்பைக் கத்திபோல அறுத்தது. கிழிந்த வலைத்துண்டில் பழத்தைப் போட்டுத் தூக்கிப் பார்த்தான். மரத்தில் நண்டு பிடித்ததுபோல இருந்தது.

பக்கத்து வளவுப் பலாமரத்தைக் கீறிப் பால் எடுத்துவந்து பழத்தைக் கிளையில் ஒட்டி, காயும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான். கால்மணி நேரம் நின்றிருப்பான். முசுறு எறும்பு முழங்கையால் ஏறிக் கழுத்துக்கு வந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்தான். அடுத்தது சட்டைக்குள் இறங்கியபோது கை தானாக விட்டுவிட்டது.

விழுந்த பழத்தை வேலியோரம் நின்ற ஆடு இரண்டு கடியில் முடித்தது.

மணி இரண்டேகால். சட்டையைக் கழற்றி எறும்பை உதறக்கூட நேரமில்லாமல், பரமலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைச் சந்தைக்குப் பறந்தான். அக்கா அழமாட்டாள், ஏசவும் மாட்டாள். கோடரி விழும்போது பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சந்தையில் பழம் விற்கும் மக்டலீன் ஒருத்தியிடம்தான் தோடம்பழம் இருந்தது. அவன் கூடைக்குள் கைவிட்டுக் கிளறினான். எல்லாம் மொட்டைப் பழம்.

"காம்போடை ஒண்டும் இல்லையோ? ரெண்டு இலையும் இருந்தா நல்லது."

அவள் அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். அதற்குள் யாழ்ப்பாண பஸ் சந்தை வாசலில் வந்து நின்றது, சொன்ன நேரத்துக்கு முன்பே. முதலில் அத்தான் பெட்டியோடு இறங்கினார். பின்னால் அக்கா. இருவரும் நேரே பழக்கூடைப் பக்கமாக வந்தார்கள்.

பரமலிங்கம் கூடைக்குப் பின்னால் குந்தினான். முதுகில் எறும்பு கடித்தது; அசையவில்லை. "கெதியாப் பாரன்," என்று கெஞ்சினான்.

மக்டலீன் குனிந்து அவன் காதோடு சொன்னாள்:

"காம்போடை இருந்தது ஒண்டுதான் அண்ணை. அதைப் போன திங்கக்கிழமை உங்கடை அக்கா வாங்கிக்கொண்டு போட்டா."