உங்கள் தங்கையை மூன்று கட்டத்தில் அடைத்த விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனருக்கு,

வணக்கம். இங்கு நான் நலம் என்று எழுதினால் அது தவறான செய்தி. அங்கு உங்கள் தங்கை நலம் என்று தெரியும். உங்கள் வீட்டில் அவளுக்கு இது மூன்றாம் நாள். நேற்று போனில், "நடந்ததை எழுதி அனுப்புங்க, உங்களுக்கு எழுதத்தானே வரும்" என்றீர்கள். அவளைச் சமாதானம் செய்து அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முப்பத்துநான்கு வருடம் நிருபராக இருந்தவனுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

ஓய்வு பெற்றதும் ஒரு நாவல் எழுதினேன் அல்லவா? பதிப்பக ஆசிரியர் படித்துவிட்டு, "சார், உங்க ஆளுங்க நடக்கறாங்க, பேசறாங்க, செத்தும் போறாங்க. ஆனா ஒருத்தருக்கும் மனசுன்னு ஒண்ணு இல்லையே" என்றார். நியாயம்தான். கதாநாயகி நுழையும் இடத்தில் "சுமார் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்" என்று எழுதியிருந்தேன். உளவியல் படியுங்கள் என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். எந்த மனிதருக்கும் ஓர் ஆசை, ஒரு பயம், மறைக்கிற விஷயம் ஒன்று இருக்கும், அவற்றைப் பிடித்துவிட்டால் பாத்திரம் எழுந்து நடக்கும் என்றது புத்தகம். உடனே ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன். மாதிரிக்கு ஆள் வேண்டுமே? வீட்டில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

மூன்று இடத்தில் விசாரிக்காமல் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. எதிர்வீட்டு டீச்சரைக் கேட்டேன். "எப்பவும் சிரிச்ச முகம்" என்றார். அடக்கிவைத்த கோபம் என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். தெருமுனைத் தையல்காரரிடம் அவளுக்கு என்ன பயம் என்று கேட்டேன். "அக்காவுக்கா? எதுக்கும் பயப்பட மாட்டாங்க சார்." ஆழப் புதைத்த பயம் என்று எழுதினேன். மருந்துக்கடைக்காரர், "தலைவலி மாத்திரை உங்களுக்குத்தானே வாங்கறாங்க?" என்றார். அதை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். இவ்வளவு அலைந்தவன் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகக் கூடாது என்று எத்தனை இளம் நிருபர்களைத் திட்டியிருக்கிறேன்!

செவ்வாய்க்கிழமை காலை மேசையைத் துடைக்க வந்தவள் தாளைப் பார்த்துவிட்டாள். புதைத்த பயத்தைப் படித்துச் சிரித்தாள். அடக்கிய கோபத்துக்கு இன்னும் பலமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆசை: இல்லை. மறைப்பது: இல்லை" என்று எழுதியிருந்தேன். பாராட்டாகத்தான் எழுதினேன், மச்சான்!

"முப்பது வருஷத்துல எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?"

"நீயா எதுவும் சொன்னதில்லையே..."

"மந்திரிங்க எல்லாம் தானா வந்தா சொன்னாங்க? பின்னாலயே ஓடி ஓடித்தானே கேட்டீங்க?"

நல்ல வசனம் என்று அதைக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நீங்கள் சொன்னால் கேட்பாள். பஸ் ஏற்றி அனுப்புங்கள். அவ்வளவு தூரம் தனியாக வரத் தயங்கினால் துணைக்கு யாரையாவது அனுப்புங்கள். வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தகவல் பிழைக்கு வருந்தும்
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். நானே காரில் வந்து அழைத்துவரலாம் என்று இப்போதுதான் ஷெட்டைத் திறந்தேன். கார் இல்லை. போலீசுக்குப் போகிற வழியில் தையல்காரர் நிறுத்தினார். "அக்காதானே சார் எடுத்துட்டுப் போனாங்க! ரெண்டு மாசமா ஓட்டப் பழகி, போன வாரம் லைசென்ஸ் வாங்கிட்டாங்களே!" அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "நீங்க பயத்தைப் பத்தித்தானே கேட்டீங்க?" என்றார். ஆக, ஆசையும் இருந்திருக்கிறது, மறைத்தும் இருக்கிறாள். மூன்று நாளாக உங்கள் வாசலில் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நீங்களும் வாய் திறக்கவில்லை. போகட்டும். அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். அவளே பஸ் நிலையத்துக்குக் காரைக் கொண்டுவந்து என்னை ஏற்றிக்கொள்வாளா என்று கேட்டுச் சொல்லுங்கள். இல்லை, நீங்கள் கேட்க வேண்டாம். சனிக்கிழமை மாலை உங்கள் போனில் கூப்பிடுகிறேன், அவளிடம் கொடுங்கள். நானே கேட்கிறேன்.