மாப்பிள்ளைத் தகடும் ஈஸ்டர் பன்றித்தொடையும்

கோல்ட்க்ரீக், மிசௌரி
ஈஸ்டருக்கு மறுநாள்

அன்பும் மரியாதையும் மிக்க லொரேன் மதினிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி வெர்னா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக இதை ஒப்புக்கு எழுதுவேன், இந்த முறை அப்படியில்லை. நீங்கள் உப்புத் தேய்த்து, மிளகு அப்பி, புகை போட்டு அனுப்பிய பன்றித்தொடை வந்து சேர்ந்தது. ருசி எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை கர்ட்டிஸ் ஷெரிப்புக்கு உதவிக் காவலராகப் போகிறார் அல்லவா, சம்பளமும் கிடையாது, குண்டு தடுக்கிற உடுப்பும் கிடையாது, அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பெண் ஜனெலுக்கோ இது ஏழாம் மாதம். உங்கள் தம்பி சும்மா இருப்பாரா? எங்கிருந்தோ மலிவாக இரண்டு இரும்புத் தகடு கொண்டுவந்தார். குண்டு அதைத் துளைக்காதாம், ஆனால் மோதித் தூள்தூளாகச் சிதறுமாம், அந்தச் சிதறல் தகட்டோடு வழுக்கிக் கழுத்துக்கும் தாடைக்கும் பாயுமாம். அதைப் பிடித்து வைக்கத் தகட்டின்மேல் தடிமனாகப் பூச்சு வேண்டுமாம். பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு அடிக்கிறார்களே கறுப்பு ரப்பர் பூச்சு, அதுவே போதும் என்றார். "கடைக்காரன் இதுக்குப் போயி கொள்ளையடிக்கிறான் வெர்னா, நம்ம கராஜ்ல ஒரு மத்தியான வேலை!" பெரிய மின்விசிறியை ஓடவிட்டுக்கொண்டு அடித்தார் மகானுபாவர். பூச்சு பறந்து அப்பிப் பூனையின் வால் விறைத்துப்போய் நிற்கிறது. ஃப்ரீசர் மூடி ஒட்டிக்கொண்டது, கடப்பாரை போட்டும் திறக்கவில்லை, வருஷத்து மான்கறி மொத்தமும் உள்ளே. ஆக ஈஸ்டர் விருந்துக்கு உங்கள் பன்றித்தொடையை விட்டால் கதியில்லை.

தகட்டை மாப்பிள்ளைக்குக் கொடுத்து, அவரும் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு ரோந்து போன பிறகுதான், சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஞானம் இவருக்கு வந்தது. சனிக்கிழமை ஒரு தகட்டைத் திரும்ப வாங்கிக் கொட்டகைக்குப் பின்னால் போனார். டுமீல் என்று கேட்டது. அணில் சுடுகிறார் என்று நினைத்தேன். நேற்று தொடையில் கிராம்பு குத்தி, சர்க்கரை பூசி அடுப்பில் வைத்தபோது அடிப்பக்கம் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. மதினி மிளகைக் கொட்டிவிட்டார்கள் என்று உங்களைத்தான் திட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

போதகர் எல்வின் ஜெபம் சொல்லி முதல் துண்டைக் கடித்தார். கடக். பாதிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "சகோதரி, இது கிராம்பு இல்லம்மா," என்றார். குண்டுச் சில்லு! திரும்பினால், உங்கள் தம்பி விட்டத்தைப் பார்க்கிறார்.

"என்னத்த பண்ணீங்க?"

"தொடைய தகட்டுக்கு மேல வெச்சு, தகட்ட சுட்டேன். தாடைக்குப் பதிலா ஏதாவது வேணும்ல? என் தாடையவா வைக்கச் சொல்றே? வெளிய ஒரு கீறல்கூடத் தெரியல!"

போதகர் உட்பட எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்துத் தொடையைக் கீறி, சில்லுகளைத் தோண்டித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். பிறகு தன் தாடைக்கு அடியில் தடவிப் பார்த்தார். சிரிப்பு அடங்கிப்போனது.

ஜனெல் கேட்டாள்: "தகட்டுக்குப் பூச்சு எத்தன தடவப்பா அடிச்சீங்க?"

"வண்டிக்கு மூணு தடவை அடிச்சேன்... மிச்சம் இருந்தத..."

அவர் முடிக்கவில்லை, மதினி. வைக்கோல் ஏற்றுகிற தொட்டிக்கு மூன்று பூச்சு, வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற மகளின் புருஷனுக்கு வழித்தெடுத்த மிச்சம். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "விடுங்க மாமா, எனக்கு ஒண்ணும் ஆகலியே," என்று மாப்பிள்ளைதான் முதுகைத் தடவினார். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இனித் தகட்டையும் டப்பாவையும் தொடமாட்டேன் என்று வேதாகமத்தில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். மீன்பிடிக்கிற படகை ஈஸ்டருக்கு முன்னாலேயே கேட்டிருந்தவருக்கு இன்று காலை தள்ளிவிட்டு, நல்ல தகடாகவே வாங்கப் பட்டணத்துக்குப் போயிருக்கிறார். நீங்கள் அக்காள், உங்கள் பங்குக்கு நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி எழுதுங்கள். இன்னொன்று: தயவுசெய்து இந்த வீட்டுக்கு இனிப் பன்றித்தொடை அனுப்பாதீர்கள். துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு தொடை போவதை என் கண்ணால் இனிப் பார்க்கமாட்டேன்.

அத்தான் முழங்காலுக்கு எங்கள் விசாரிப்பு. பிறக்கப்போகிற குழந்தைக்கு உங்கள் ஆசி வேண்டும், அதன் அப்பனுக்கு இரண்டு பங்கு.

என்றும் உங்கள்
வெர்னா

பி.கு.: தகடு வந்துவிட்டது. பெட்டி முழுக்க உத்தரவாதம் அச்சடித்திருக்கிறார்கள். "கடைச் சரக்கு வெர்னா, கண்ண மூடிட்டு நம்பலாம்," என்கிறார் உங்கள் தம்பி. நான் இனி யாரையும் நம்புவதாக இல்லை. ஒரு தடவை சுட்டால் தகடு உதவாதாம், அதனால் இன்னொரு ஜோடிக்கும் சொல்லிவிட்டேன், ஒரு ஜோடி மாப்பிள்ளைக்கு, ஒரு ஜோடி சுட்டுப் பார்க்க. சுடப்போவது நான்தான். மேலே எழுதியதை மறந்துவிட்டு நல்ல கொழுத்த தொடையாக உடனே ஒன்று அனுப்புங்கள். மிளகு மட்டும் போடவேண்டாம்.