மூன்று நூல் ஆணி

பெக்கெட்ஸ் ஃபோர்டு, ஓஹையோ
1871 ஜூலை 6

மதிப்பிற்குரிய மைத்துனர் லூஷியஸ் அவர்களுக்கு ஹோசியா புரூயிட் எழுதுவது. நானும் உமது அக்காள் மெஹிட்டபெலும் சுகம். உமது வீட்டில் எல்லோரும், பசுக்கள் உட்பட, சுகமென்று நம்புகிறேன். மாடி அறையைக் காலி செய்து வையும். நாங்கள் நிரந்தரமாக வருகிறோம். காரணம் பின்வருமாறு.

எங்கள் புல்லறுக்கும் வண்டித் தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் பட்டறைக்குப் பதினொரு வருஷமாக நான்தான் ஃபோர்மேன் என்பது உமக்குத் தெரியும். சென்ற மாதம் சந்தைத் திடலில் நான்கு தொழிற்சாலைகளின் வண்டிகளுக்குப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற வண்டியைத்தான் விவசாயிகள் வாங்குவார்கள் என்பதால் முதலாளி டட்டில் ஒரு வாரம் பட்டறையை விட்டு நகரவில்லை. எல்லா லேத்துகளையும் ஒரே சமயத்தில் ஓட்டச் சொல்லி, அவற்றைச் சுழற்றும் ஆற்று நீர்ச்சக்கரம் பாரம் தாங்காமல் முக்கி, கூரையடியில் சுற்றும் தண்டிலிருந்து தோல் பெல்ட் ஒன்று கழன்று அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய், அந்தக் களேபரத்தில்தான், குதிரை பூட்டும் ஏர்க்காலை வண்டியோடு பிணைக்கும் ஆணிக்கு எத்தனை நூல் கனம் (எட்டு நூல் ஓர் அங்குலம்) என்று நான் அளவுச் சீட்டு எழுதி லேத்காரர் கொட்லீப் ஹார்ட்விக்கிடம் கொடுத்தேன்.

போட்டியன்று முதலாளியே இருக்கையில் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தார். வேலியோரம் இருநூறு விவசாயிகள். கொடி அசைந்தது. குதிரைகள் கிளம்பின, ஏர்க்காலும் கிளம்பியது, வண்டி மட்டும் நின்றுவிட்டது. கடிவாளத்தை விட மனமில்லாத முதலாளி, புல்லின் மேல் வயிற்றால் ஐம்பது கஜம் பயணம் செய்து, எல்லைக்கோட்டை முதலாவதாகவே தொட்டார். நடுவர்கள் எங்கள் வண்டியைப் பற்றி ‘சத்தம் குறைவு’ என்று எழுதிக்கொண்டதாகக் கேள்வி.

“இந்த ஆணிய எவன்யா கடைஞ்சது?” என்றார் முதலாளி, வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டு.

“கொட்லீப்புங்க,” என்றேன்.

“அஞ்சு நூல் கனம் இருக்க வேண்டியது மூணு நூல்தான் இருக்கு!”

“சீட்டுல மூணுன்னுதாங்க இருந்துச்சு,” என்றார் கொட்லீப்.

“பதினோரு வருஷமா சீட்டு எழுதுறேன், எனக்கு அஞ்சுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதா?” என்றேன்.

அன்றே கொட்லீபுக்கு வேலை போயிற்று.

நான்காம் நாள் அந்தச் சீட்டு அவருடைய லேத்துக்குப் பின்னால் அகப்பட்டது. என் கையெழுத்துதான். அவசரத்தில் ஐந்தின் தலைக்கோட்டை வளைத்துவிட்டிருக்கிறேன். மெஹிட்டபெலிடம் காட்டினேன். “மூணு,” என்றாள். பாதிரியாரிடம் காட்டினேன். அவரும் மூன்று என்றார். எழுதப் படிக்கத் தெரியாத லாடக்காரர் மட்டும் என் பக்கம் நின்றார்.

மறுநாள் எல்லா லேத்துகளையும் நிறுத்தச் சொல்லி, அத்தனை பேர் முன்னிலையிலும், “தப்பு என்னோடதுங்க. கொட்லீப்ப திரும்பக் கூப்பிட்டுக்குங்க, நான் விலகிக்கிறேன்,” என்றேன். முதலாளி தோலுரிந்த மூக்கைத் தடவிக்கொண்டு, “அந்த மனுசன ஊரே பாக்கத் திட்டிட்டேனேய்யா,” என்றார். பிறகு கொட்லீபின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி திறந்தார், நான்தான் என்று பார்த்தார், மூடிவிட்டார். நியாயம்தான்.

ஆகவே வருகிற வாரம் ரயில் ஏறுகிறோம். பால் கறக்கக் கற்றுக்கொள்கிறேன். உமது வைக்கோல் மழையில் நனையாதிருக்கவும், உமது பிள்ளைகள் எங்களைச் சகித்துக்கொள்ளவும் ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
ஹோசியா

பின்குறிப்பு: மாடி அறையைக் காலி செய்ய வேண்டாம். இக்கடிதம் தபாலில் சேராமல் கோட்டுப் பையில் கிடந்த நாட்களில் கொட்லீப் வேலைக்குத் திரும்பிவிட்டார், ஃபோர்மேனாக. அவர் போட்ட ஒரே நிபந்தனை, “புரூயிட் என் லேத்துல நிக்கணும்.” நிற்கிறேன். இன்று நான் கடைந்த தண்டை அளந்து பார்த்துவிட்டு, “பரவால்ல, தேறிடுவீங்க,” என்றார். பதினொரு வருஷத்தில் நான் அவரிடம் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.