கலவையை நிறுத்தியவர்

வாசலில் நின்ற காவலாளி வாயைத் திறக்கவே இல்லை. சல்யூட் அடித்தான். கையால் காற்றில் ஒரு பாலம் வரைந்து, "உள்ளே போகலாம்" என்பதுபோல் தலையை ஆட்டினான்.

"என்னப்பா, பேச்சு வராதா உனக்கு?" என்று நேபாளியில் கேட்டார் பிர்க்கமான் லிம்பு. காத்மாண்டு சாலைத் துறையில் மேற்பார்வைப் பொறியாளர். சீனக் கம்பெனி தராய்ச் சமவெளியில் கட்டும் இந்தப் பாலத்தைச் சோதிக்க ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்திருந்தார்.

காவலாளி அசந்துபோனான். "சாருக்கு நம்ம பாஷை நல்லா வருதே."

"வராம? பொறந்ததே தாப்லேஜுங்."

"ஊர்ப் பேரெல்லாம்கூடத் தெரியுது."

லிம்பு குழம்பிப்போய் அடையாள அட்டையை நீட்டினார். காவலாளிக்குப் படிக்கத் தெரியாது. "போட்டோவுல இளமையா இருக்கீங்க சார்" என்று திருப்பித் தந்துவிட்டான்.

உள்ளே வெள்ளைத் தலைக்கவசம் காத்திருந்தது. பசிக்கிறது, பருப்பும் சோறும் போதும் என்றார் லிம்பு. சமையல்காரி பூல்மதி கூச்சத்தோடு சிரித்தாள். "எங்களுக்காகச் சொல்றீங்க" என்று நூடுல்ஸை வைத்தாள், இரண்டு குச்சிகளோடு. கரண்டி கேட்டதற்கு இன்னும் இரண்டு குச்சி வந்தது. பாதி நூடுல்ஸ் சட்டையில் விழுந்தது.

அரைப் பசியோடு தூண் பக்கம் போனவர் மணலை அள்ளிப் பார்த்தார். கை முழுக்கச் சேறு.

"இதையா கலக்குறீங்க? தூண் நிக்குமா? நிறுத்துங்க."

மேஸ்திரி ஹரிலால் கையைத் தூக்கினார். கலவை இயந்திரம் நின்றது. நாற்பது பேர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.

லிம்புவுக்குத் தலை சுற்றியது. பதினோரு வருட வேலையில் அவர் சொல்லி எதுவுமே நின்றதில்லை. எத்தனை கடிதம், எத்தனை நினைவூட்டல்! இங்கே ஒரு வார்த்தை போதுமா? வேண்டுமென்றே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்: "நல்ல மணல் வர்ற வரைக்கும் தொடக் கூடாது."

"சரிங்க சார். தொடமாட்டோம்" என்றார் ஹரிலால். நோட்டு ஒன்றை நீட்டினார். "யார் நிறுத்துனதுன்னு எழுதிட்டா நல்லது."

லிம்பு பெருமையோடு பெயர், பதவி, துறை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஹரிலால் எழுத்துக் கூட்டி வாசித்தார். நெற்றி சுருங்கியது. திரும்பவும் வாசித்தார். பிறகு லிம்புவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அட, நீங்க கவர்மென்ட் ஆளா? கம்பெனியோட புது சீன இன்ஜினியர் இன்னைக்கு வர்றார்னு சொன்னாங்க, மூஞ்சியப் பார்த்து ஏமாந்துட்டோம்" என்றவர், ஆட்கள் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்லப்பா, மிஷினைப் போடுங்க."